உடம்புக்காரர் சொல்ல வேண்டியது

(செட்டியார்பட்டியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



டாக்டரைப் பேசக் கூப்பிட்டால் கீரை சாப்பிடுங்கள், காலையில் நடங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவார் என்பது எல்லோருக்கும் தெரியும். கீரை நல்லதுதான். ஆனால் அதைச் சொல்ல ஓர் அறக்கட்டளை வைக்க வேண்டியதில்லை. பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் இருக்கும்போது இனிப்பே தொடாதீர்கள் என்று சொல்லி உங்கள் பகையைச் சம்பாதிக்கவும் நான் வரவில்லை. அரசு மருத்துவமனையில் வெளிநோயாளிகள் பிரிவில் பல காலம் உட்கார்ந்தவன் என்ற முறையில் ஒரே ஒரு விஷயத்தைப் பேச வந்திருக்கிறேன். உங்கள் உடம்பைப் பற்றிச் சில செய்திகள் உங்களுக்கு மட்டுமே தெரியும். எந்த ஸ்கேனும் அவற்றைக் காட்டாது. அவற்றை நீங்கள் கொண்டுவந்து தராவிட்டால் எவ்வளவு கெட்டிக்கார டாக்டரும் பாதி இருட்டில்தான் வைத்தியம் பார்க்கிறார்.

முதலில் நல்ல சேதி. கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து எடுக்கப்பட்ட பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கிறார்கள், மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு வருகிறார்கள். 2022 டிசம்பர் கடைசியில் ஒரு கோடியாவது பயனாளிக்கு மருந்துப் பெட்டகம் கொடுத்தார்கள். மாத்திரை வாங்க ஒரு நாள் கூலியை இழந்து பஸ் ஏறிய காலத்தைப் பார்த்தவன் நான். அதனால் இந்தத் திட்டத்தை யாராவது குறைத்துப் பேசினால் எனக்குக் கோபம் வரும்.

ஆனால் அந்தத் தன்னார்வலர் போன பிறகு அதே வீட்டில் கேட்டுப் பாருங்கள். “ஆச்சி, பிரஷர் எவ்வளவு இருந்துச்சு?” “நார்மல்னு சொல்லிட்டாக.” “மாத்திரை பேரு என்ன?” “வெள்ளையா இருக்கும், சின்னது.” மாத்திரை வாசல் வரைக்கும் வந்துவிட்டது. எண் வாசலைத் தாண்டி உள்ளே போகவில்லை.

எண் ஏன் முக்கியம்? 2020இல் தமிழ்நாட்டில் ‘ஸ்டெப்ஸ்’ என்றொரு கணக்கெடுப்பு நடந்தது. வயது வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம் இருப்பது தெரிந்தது. அது எனக்குப் பெரிய வியப்பாக இல்லை. அவர்களில் அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 சதவீதம் பேர்தான் என்பதுதான் தூக்கிவாரிப் போட்டது. சர்க்கரையிலும் அதே கதை, 10.8 சதவீதம். பாதிப் பேருக்கு நோய் இருப்பதே தெரியாது என்பது ஒரு காரணம். மீதியில் பலர், மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே எண் இறங்காமல் இருப்பவர்கள். மாத்திரை சாப்பிடுகிறோம், ஆகவே சரியாக இருக்கிறோம் என்று நம்புகிறவர்கள்.

இதற்கு உலகம் அறிந்த ஒரு உதாரணம் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க அதிபராக இருந்த ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட். 1944 மார்ச்சில் ஹோவர்ட் புரூயென் என்ற இளம் இதயநோய் மருத்துவர் அவரைப் பரிசோதித்தார். அழுத்தம் 186/108. இதயம் வீங்கியிருந்தது, நுரையீரலில் நீர் கோக்கத் தொடங்கியிருந்தது. அதன்பின் ஓராண்டுக்கும் மேல் அநேகமாக நாள்தோறும் புரூயென் அதிபரைப் பார்த்தார். பல ஆண்டுகள் கழித்து, 1970இல், ஒரு மருத்துவ இதழில் அந்த நாட்களை எழுதினார். இவ்வளவு அடிக்கடி ஏன் வருகிறீர்கள், இந்த ஈசிஜி எதற்கு என்று அதிபர் ஒருமுறைகூடக் கேட்டதில்லையாம். உலகத்தின் வரைபடத்தையே மேஜையில் விரித்து வைத்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த மனிதர் தன் உடம்பைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. அவருடைய சொந்த மருத்துவரோ, அதிபர் நன்றாக இருக்கிறார் என்று பத்திரிகைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். 1945 ஏப்ரல் 12 அன்று மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு ரூஸ்வெல்ட் இறந்தார். அன்று அவர் அழுத்தம் 300/190.

நியாயமாகச் சொல்ல வேண்டும். அவர் கேட்டிருந்தாலும் அன்றைய மருத்துவத்தால் பெரிதாக எதுவும் செய்திருக்க முடியாது. உப்பைக் குறை, சிகரெட்டைக் குறை, ஓய்வெடு என்பதோடு இதயத்துக்கு டிஜிடாலிஸ். கையில் இருந்தது அவ்வளவுதான். அழுத்தத்துக்கு எளிதில் தாங்கக்கூடிய முதல் மாத்திரை 1950களின் கடைசியில்தான் வந்தது. அமெரிக்க அதிபருக்குக் கிடைக்காத அம்லோடிபின் என்ற அழுத்த மாத்திரை இன்று செட்டியார்பட்டியில் ஒரு தார் சுற்றும் பாட்டிக்கு இலவசமாகக் கிடைக்கிறது. அவர் கேட்காததால் இழந்தது கொஞ்சம். நாம் கேட்காமல் இழப்பது மிக அதிகம்.

எண்ணைத் தெரிந்துகொள்ளச் சரியாக அளக்க வேண்டும். இதில் ஒரு நிமிடம் நிற்கிறேன், ஏனென்றால் ஆஸ்பத்திரியில் அவசரத்தில் நாங்களே பல சமயம் இதைத் தவறாகச் செய்கிறோம். வரிசையில் நின்று, படியேறி, மூச்சு வாங்க உட்கார்ந்தவுடன் கையில் பட்டையைச் சுற்றினால் வருகிற எண் உங்களுடையது கிடையாது. அது படிக்கட்டின் எண். முதுகைச் சாய்த்து, இரண்டு பாதமும் தரையில் படும்படி ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். அரை மணி நேரத்துக்குள் காபியோ பீடியோ கூடாது. சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்காரக் கூடாது. பட்டை சட்டைக் கைமேல் இல்லாமல் தோலின்மேல், நெஞ்சின் மட்டத்தில் இருக்க வேண்டும். கை தொங்கினால் எண் ஏறும். பேசினால் ஏறும். பருத்த கைக்குச் சின்னப் பட்டை போட்டாலும் ஏறும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை எடுத்து, இரண்டையும் எழுதி வையுங்கள். டாக்டரிடம் போவதற்கு முந்தைய ஒரு வாரம் காலையிலும் மாலையிலும் இப்படி எழுதினால் போதும், வருடம் முழுக்க அளந்து பயப்பட வேண்டியதில்லை. வீட்டில் எடுக்கும்போது சராசரி 135/85க்கு மேல் இருந்தால் அது அதிகம். ஆஸ்பத்திரிக் கணக்கில் 140/90க்குச் சமம். ஆஸ்பத்திரியில் மட்டும் ஏறி வீட்டில் சரியாக இருப்பவர்கள் உண்டு. அங்கே சரியாக இருந்து வீட்டிலும் தறிக்கூடத்திலும் ஏறுகிறவர்களும் உண்டு. இரண்டாவது வகை ஆபத்தானது. அதை நாங்கள் கண்டுபிடிக்கவே முடியாது, உங்கள் தாளைப் பார்த்தால் ஒழிய.

சர்க்கரைக்கு வருகிறேன். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1948இலேயே நீரிழிவுக்கென்று தனிப் பிரிவு தொடங்கியவர் டாக்டர் எம். விஸ்வநாதன். ராயபுரத்தில் 1954இல் அவர் தனி மருத்துவமனையும் நிறுவினார். அந்த மரபில் வந்த டாக்டர் ஏ. ராமச்சந்திரனும் உடன் இருந்தவர்களும் செய்த ஓர் ஆய்வு 2006இல் வெளியாயிற்று. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை எடுத்துக்கொண்டார்கள். சாதாரண அறிவுரையோடு விட்டவர்களில் மூன்றே வருடத்தில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை வந்துவிட்டது. தினம் அரை மணி நடை, சாப்பாட்டில் மாற்றம் என்று தொடர்ந்து கவனித்தவர்களில் 39 சதவீதம். வேடிக்கை என்னவென்றால், இந்த இரண்டாவது கூட்டத்தாருக்கு எடை சொல்லும்படியாகக் குறையவே இல்லை. ஆனாலும் பலன் இருந்தது. “நடந்து நடந்து பாத்தேன் சார், ஒரு கிலோகூட குறையல” என்று நடையை விட்டவர்கள் இந்த அவையில் இருப்பீர்கள். தராசு சொல்லாத நன்மை உடம்புக்குள் நடந்துகொண்டிருந்தது.

அந்த 39ஐயும் மறக்க வேண்டாம். ஒழுங்காக எல்லாம் செய்த பிறகும் பத்துக்கு நாலு பேருக்கு நோய் வந்தது. ஆகவே சர்க்கரை வந்தவரைப் பார்த்து “வாயைக் கட்டாததால் வந்தது” என்று சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை. மாமியார் சொல்லலாம், அண்ணாச்சி சொல்லலாம், டாக்டர் சொல்லவே கூடாது.

நாளைக்கு டெஸ்ட் என்றால் இன்று ராத்திரி இரண்டு சப்பாத்தியோடு எழுந்துவிடுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. பரீட்சைக்கு முதல் நாள் படிக்கிற பிள்ளைக்கு மார்க் வந்துவிடும். எச்பிஏ1சி என்ற பரிசோதனையிடம் அது பலிக்காது. ரத்தச் சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடு இருக்கிறது. அந்த நாட்களில் ஓடிய சர்க்கரை அதன் மேல் ஒட்டிக்கொள்கிறது. ஆகவே முந்தைய இரண்டு மூன்று மாதத்தின் சராசரியை அது காட்டிக்கொடுத்துவிடும். இங்கே பெண்களுக்கு ஒரு கூடுதல் குறிப்பு. இரும்புச் சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் இந்த எண் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். எனக்கு ரத்தம் குறைவு என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வீட்டிலேயே சர்க்கரை பார்க்கும் சின்னக் கருவி இன்று மருந்துக்கடையில் தொங்குகிறது. அது வீட்டுக்கு வந்த கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. அமெரிக்காவில் ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைன் என்ற பொறியாளர் இருந்தார். 12 வயதில், 1946இல், அவருக்கு இன்சுலின் தேவைப்படும் வகைச் சர்க்கரை நோய் வந்தது. முப்பதுகளிலேயே சிறுநீரகமும் கண்ணும் நரம்பும் கெடத் தொடங்கின. 1969இல் ஒரு விளம்பரம் அவர் கண்ணில் பட்டது: ஒரு சொட்டு ரத்தத்தில் சர்க்கரையைக் காட்டும் கருவி. மயங்கி வருகிறவர் குடித்திருக்கிறாரா, சர்க்கரையால் மயங்கினாரா என்று இரவு நேரத்தில் பிரித்தறிய ஆஸ்பத்திரிகளுக்காகச் செய்தது. டாக்டர்களுக்கு மட்டுமே விற்றார்கள். நோயாளிக்கு எதற்கு இது என்பது அன்றைய எண்ணம். மனைவி டாக்டராக இருந்ததால், அவர் பெயரில் பெர்ன்ஸ்டைன் வாங்கினார். ஒரு நாளைக்குப் பல தடவை அளந்து, எந்தச் சாப்பாட்டுக்கு எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு இன்சுலினுக்கு எவ்வளவு இறங்குகிறது என்று எழுதினார். பொறியாளர் புத்தி. சில ஆண்டுகளில் உடம்பு திரும்பத் தொடங்கியது. இதை எழுதி மருத்துவ இதழ்களுக்கு அனுப்பினார், திருப்பி அனுப்பினார்கள். ஆகவே 45ஆவது வயதில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து டாக்டரே ஆகிவிட்டார்! 1993இல் 1,441 பேரை வைத்து நடந்த ஒரு பெரிய ஆய்வு, இந்த வகை நோயில் சர்க்கரையை இறுக்கிப் பிடித்தால் கண் கெடுவது கணிசமாகக் குறைகிறது என்று நிலைநாட்டியது. பெர்ன்ஸ்டைன் 2025இல், 90 வயதில் காலமானார்.

இந்தக் கதையைக் கேட்டுவிட்டு எல்லோரும் நாளைக்கே கருவி வாங்க ஓட வேண்டாம். மாத்திரையோடு சர்க்கரை சீராக இருப்பவர் தினமும் விரலைக் குத்திக்கொள்வதில் பெரிய பயன் இல்லை, சோதனைப் பட்டைக்குத்தான் காசு. இன்சுலின் போடுகிறவருக்கு மட்டும் அது கண் மாதிரி. பெர்ன்ஸ்டைனிடம் எனக்குப் பிடித்தது கருவியைவிட அந்த நோட்டுதான். பீஸ் கணக்கில் தறி ஓட்டுகிறவர் வாரக்கடைசியில் எத்தனை மீட்டர் இறங்கியது என்று தன் கையெழுத்தில் ஒரு கணக்கு வைத்திருப்பார்; முதலாளி கணக்கு மட்டும் போதும் என்று எந்த நெசவாளியும் இருந்து நான் பார்த்ததில்லை. உடம்பு விஷயத்தில் மட்டும் கணக்கு முழுவதையும் எதிராளி கையில் விட்டுவிடுகிறோம்.

தறியைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டது. சத்திரப்பட்டியிலும் சமுசிகாபுரத்திலும் நெய்கிற பேண்டேஜ் துணி எங்கெங்கோ இருக்கிற ஆஸ்பத்திரிகளில் புண்ணுக்குக் கட்டாகிறது. தளவாய்புரத்து நைட்டி தமிழ்நாடெங்கும் போகிறது. ராஜபாளையத்தில் 1936இலிருந்து நூற்பாலை ஓடுகிறது. இந்த வட்டாரமே பஞ்சில் வாழ்கிறது. ஆனால் இருமலோடு வருகிற ஒருவரிடம் “என்ன வேலை பாக்குறீங்க?” என்று எத்தனை டாக்டர்கள் கேட்கிறோம்? இத்தாலியில் பெர்னார்டினோ ராமசினி என்ற மருத்துவர் 1700இல் தொழில்நோய்கள் பற்றி ஒரு நூல் எழுதினார். நோயாளியிடம் கேட்க வேண்டிய பழைய கேள்விகளோடு ‘உன் தொழில் என்ன’ என்பதையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். முந்நூறு வருடத்துக்கு மேலாகியும் சீட்டில் அந்தக் கேள்விக்கு இடம் கிடைக்கவில்லை. கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள்.

பஞ்சுத் தூசியால் வரும் நோய்க்குப் பிசினோசிஸ் என்று பெயர். ஆலையில் பஞ்சைப் பிரித்துச் சிக்கெடுக்கும் புளோ ரூமிலும் கார்டிங்கிலும் தூசி அதிகம் என்பதால் அங்கே அதிகம் வரும். அதன் தொடக்கம் விசித்திரமானது. வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்புகிற முதல் நாள், சில மணி நேரத்தில் நெஞ்சு இறுகும், மூச்சு அடைக்கும். மறுநாள் குறையும். வாரக்கடைசியில் ஒன்றும் இருக்காது. இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளில் இதற்குத் திங்கட்கிழமை நோய் என்று பேச்சு வழக்கே இருந்தது. 1950களில் ரிச்சர்ட் ஷில்லிங் என்ற மருத்துவர் அங்கே தொழிலாளிகளை உட்கார வைத்துக் கேள்வி கேட்டே இந்த நோயின் படிகளை வகுத்தார். முதலில் முதல் நாள் மட்டும். பிறகு மற்ற நாட்களிலும். கடைசியில் ஓய்விலும் திரும்பாத மூச்சடைப்பு. முதல் படியில் தூசியை விட்டு விலகினால் மீளலாம். கடைசிப் படியில் முடியாது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. முதல் படியில் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும். ரத்தத்தில் ஒன்றும் தெரியாது. விடுமுறைக்கு மறுநாள்தான் இறுகுகிறது என்ற அந்த ஒரு வாக்கியத்தில்தான் நோய் இருக்கிறது. அந்த வாக்கியம் தொழிலாளியிடம் மட்டும் இருக்கிறது. நம் ஆலைகளில் வார விடுமுறை ஆளுக்கு ஒரு நாளாக மாறி மாறி வருவதால் யாருக்கும் திங்கட்கிழமை என்று தெளிவாகத் தெரியாது. அவரவர் விடுமுறைக்கு மறுநாளைப் பார்க்க வேண்டும். ஒரு மாதம் காலண்டரில் நெஞ்சு இறுகிய நாளைச் சுழித்து, விடுமுறை நாளையும் குறித்துக்கொண்டு வந்து காட்டுங்கள். அது எக்ஸ்ரேயைவிடப் பெரிய ஆதாரம். சட்டப்படி இழப்பீட்டுக்குரிய தொழில்நோய்ப் பட்டியலில் இந்த நோய் இருக்கிறது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பீடி பிடிப்பவருக்கு இது வேகமாக முற்றும். அதைச் சொன்னால் சிலர் எழுந்து போய்விடுவார்கள் என்பதால் ஒரு வரியோடு விடுகிறேன்.

இரவு ஷிஃப்ட் முடிந்து மருந்துக்கடையில் நின்று “உடம்பு வலிக்கு ஒரு செட் மாத்திரை குடுங்க” என்று வாங்குகிற பழக்கம் இருக்கிறதே, அதைப் பற்றி மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகப் பேச அனுமதியுங்கள். பேப்பரில் மடித்துத் தருகிற அந்தச் செட்டில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. வலி மாத்திரை இருக்கும், சில சமயம் ஸ்டீராய்டும் இருக்கும். ஸ்டீராய்டு போட்டால் யாருக்கும் இரண்டு நாள் உற்சாகமாகத்தான் இருக்கும். சர்க்கரையும் சேர்ந்து ஏறும். டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்துக்குப் போகிற ரத்தத்தைக் குறைக்கும். ஏற்கெனவே பிரஷர் மாத்திரையும் நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடுகிறவர், வெக்கையில் தண்ணீர் குடிக்காமல் எட்டு மணி நேரம் தறியடியில் நின்றுவிட்டு அதைத் தொடர்ந்து போட்டால், சிறுநீரகம் தாங்காது. டயாலிசிஸ் படுக்கைக்கு வருகிறவர்களிடம் கேட்டால் இந்தச் செட் மாத்திரையின் கதை அடிக்கடி வெளிவரும். மாத்திரையை அட்டையோடு வாங்குங்கள். அட்டையின் பின்புறம் சிவப்புக் கோடு இருந்தால் அது டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து. கம்பெனிப் பெயரைத் தவிர மருந்தின் உண்மைப் பெயரும் அதில் அச்சாகியிருக்கும். பத்தாவது படிக்கிற பேத்தியை விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். ராஜபாளையத்தில் ஒரு டாக்டர், மதுரையில் ஒரு டாக்டர் என்று பார்க்கிறவர்கள் இரண்டு கம்பெனிப் பெயரில் ஒரே மருந்தை இரட்டிப்பாக விழுங்குவது சர்வ சாதாரணம். மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ போய் நிற்கும்போதும் அந்த உண்மைப் பெயர்தான் உதவும்.

சர்க்கரையை வேரோடு ஒழிப்பதாக விளம்பரம் செய்கிறவர்களைப் பற்றிக் கேட்பீர்கள். 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அப்படி விளம்பரம் செய்வதையே குற்றம் என்கிறது. அவ்வளவு போதும்.

அடுத்து, நேரமும் காகிதமும். ஊரில் யாருக்காவது முகம் கோணி, கை விழுந்து, பேச்சு குழறினால் 108க்கு அடிக்கிறீர்கள், நல்லது. மருத்துவமனையில் கேட்கிற முதல் கேள்வி: கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார்? ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். இங்கிருந்து மதுரை 80 கிலோமீட்டருக்கு மேல். “காலைல எந்திரிச்சுப் பாத்தா இப்படி இருந்தாரு” என்றால் நாங்கள் நேற்றிரவு படுத்த நேரத்திலிருந்துதான் எண்ண வேண்டும். “ஆறு மணிக்குக் காபி குடுத்தேன், நல்லாப் பேசுனாரு” என்று யாராவது உறுதியாகச் சொன்னால் அந்த ஒரு பதில் ஒரு கையையும் காலையும் காப்பாற்றும்.

பழைய ஈசிஜியைத் தூக்கிப் போடாதீர்கள். புதிதாக எடுத்ததில் ஒரு கோளாறு தெரிந்தால், இது இன்று வந்ததா, பத்து வருடமாக இருப்பதா என்று பழையது ஒன்றுதான் சொல்லும். ஈசிஜி தாள் வெப்பத்தில் அச்சாவது. மஞ்சப்பையில் மடித்து வைத்தால் இரண்டொரு வருடத்தில் வெளிறிவிடும். எடுத்த அன்றே ஜெராக்ஸ் போடுங்கள், அல்லது போனில் படம் எடுங்கள். உள்நோயாளியாக இருந்தால், கேட்ட 72 மணி நேரத்துக்குள் உங்கள் மருத்துவக் குறிப்புகளைத் தர வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதி சொல்கிறது. சண்டை போட வேண்டாம், எழுதிக் கொடுத்துக் கேளுங்கள்.

ஆபரேஷனுக்கான ஒப்புதல் கையெழுத்தையும் கேட்டுத் தெரிந்துகொண்டு நீங்களே போடுங்கள். ஒரு பெண்ணுக்கு உள்ளே கருவி விட்டுப் பார்க்கும் பரிசோதனைக்கு மட்டும் ஒப்புதல் வாங்கிவிட்டு, மயக்கத்தில் இருந்தபோது வெளியே நின்ற தாயாரிடம் கேட்டுக் கருப்பையை எடுத்துவிட்ட வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றம் வரை போனது. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, வயது வந்தவருக்குப் பதிலாக வேறு யாரும் ஒப்புதல் தர முடியாது என்று 2008 ஜனவரியில் நீதிமன்றம் சொன்னது. கணவர் கையெழுத்துப் போட்டுவிட்டார், அண்ணன் போட்டுவிட்டார் என்று நம் ஊரில் எத்தனை பெண்கள் மேஜையில் ஏறியிருக்கிறார்கள்!

பெண்களைப் பற்றி இன்னொன்று. வீட்டுக்காரருக்கு மாத்திரை தீர்ந்துவிட்டதா என்று எண்ணிப் பார்க்கிறவர் வீட்டுப் பெண்தான். தனக்கு இரண்டு மாதமாக உதிரப்போக்கு நிற்கவில்லை என்பதைச் சொல்லாதவரும் அவர்தான். திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையை மையமாக வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 2007இல் லான்செட் இதழில் வெளியானது. 30 முதல் 59 வயதுவரை உள்ள ஏறத்தாழ 50,000 கிராமத்துப் பெண்களுக்குக் கருப்பைவாய்ப் பரிசோதனை செய்ய முன்வந்தார்கள். பெரிய கருவி எதுவும் கிடையாது. பயிற்சி பெற்ற நர்ஸ் ஒருவர் நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, வினிகரில் இருக்கும் அதே அமிலத்தை, தொட்டு வைத்துக் கண்ணால் பார்ப்பார். வெளுத்த இடம் தெரிந்தால் மேற்கொண்டு சோதனை, சிகிச்சை. ஆயுளில் ஒரே ஒரு தடவை. வந்தவர்கள் 31,000க்கும் மேல். அந்த ஒரு தடவையிலேயே, அழைக்கப்பட்ட ஊர்களில் கருப்பைவாய்ப் புற்றுநோயால் இறப்பது மற்ற ஊர்களைவிட 35 சதவீதம் குறைந்தது. மீதி 18,000 பேர் ஏன் வரவில்லை? வெட்கம், வேலை, வீட்டில் விடவில்லை, எனக்கு ஒன்றும் இல்லையே என்ற நினைப்பு. வந்தவர்களுக்கும் அதே வெட்கமும் அதே வேலையும் இருந்திருக்கும். அரசு சுகாதார நிலையங்களிலும் இந்தப் பரிசோதனை இருக்கிறது. உடன் அழைத்துப் போக ஒரு மதினியோ கொழுந்தியாளோ இருந்தால் பாதி வெட்கம் போய்விடும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஓர் எச்சரிக்கையும் சொல்லத்தான் வேண்டும். ‘உங்கள் ஆரோக்கியம் உங்கள் பொறுப்பு’ என்று வசதியாக இருக்கிறவர்கள் மேடையில் சொல்லும்போது எனக்கு நெருடும். தூசி உறிஞ்சும் கருவி வைக்க வேண்டியது ஆலைக்காரர். தறிக்கூடத்தின் இரைச்சல் 90 டெசிபலைத் தாண்டும்போது காதடைப்பான் தர வேண்டியதும் அவர்தான். பிரஷர் அதிகமென்று தெரிந்த நெசவாளி ஒரு நாள் போனால் கூலி போகும். இதையெல்லாம் அப்படியே வைத்துக்கொண்டு நோட்டு எழுது, நட, உப்பைக் குறை என்று அவருக்கு மட்டும் பாடம் எடுத்தால் அது பழியைத் தள்ளிவிடுகிற வேலை. எண் உங்கள் கையில் இருந்தால் நீங்கள் கேள்வி கேட்கலாம் என்பதற்காகத்தான் அதைத் தெரிந்துகொள்ளச் சொல்கிறேன். டாக்டரிடம் மட்டுமில்லை, முதலாளியிடமும். ஒரே கூடத்தில் பத்துப் பேர் காலண்டரில் ஒரே மாதிரிச் சுழித்திருந்தால் அது பத்துப் பேர் இருமலாக இருக்காது, ஒரு கோரிக்கையாக இருக்கும்.

கடைசியாக அறக்கட்டளையாருக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு ஒரு சொற்பொழிவு நல்லதுதான். அதோடு ஊரில் நாலு பேர் வந்து உட்கார்கிற ஒரு வாசகசாலையிலோ சங்கக் கட்டடத்திலோ மேல்கையில் சுற்றுகிற வகை பிரஷர் கருவி இரண்டு வாங்கி வையுங்கள். மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம், நம்ப முடியாது. பருத்த கைக்குப் பெரிய பட்டை ஒன்று தனியாக வேண்டும். முதுகு சாய்கிற நாற்காலி இரண்டு, கை வைக்க ஒரு மேஜை. பகலில் எல்லோரும் தறியில் இருப்பார்கள். சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பது வரை திறந்திருக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறை சுகாதார நிலையக் கருவியோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள். வருகிறவர்கள் எண்ணை எழுதி வீட்டுக்கு எடுத்துப்போக ஆளுக்கு ஒரு 40 பக்க நோட்டு. செலவு எவ்வளவு ஆகும் என்று தலைவர் கேட்டால், இந்தக் கூட்டத்துக்குப் போட்டிருக்கிற பந்தலையும் மைக்செட்டையும்விட அதிகம் ஆகாது.